பழைய சென்சஸ் ஏடுகளை வைத்து ஒரு சுரங்கக் கிராமத்தைப் படிக்க முடியுமா?

இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தை ஆய்வுக்கு எடுத்திருக்கிறீர்கள். 1851 முதல் 1911 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அந்த ஊருக்கான பக்கங்களை எல்லாம் சேகரித்துவிட்டீர்கள். ஆண்களுக்கு எதிரே வரிக்கு வரி ‘நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி’ என்றே இருக்கிறது, மனைவிமாருக்கு எதிரே ஒன்றுமே இல்லை, பத்து வருடம் கழித்து வரும் ஏட்டில் பாதிக்கு மேற்பட்ட பெயர்களைக் காணோம், இதை வைத்துக்கொண்டு அந்தச் சமூகத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொள்வது இப்படி: ஏடு பேசாமல் இருக்கும் இடங்களில் அந்த மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது? வேலை இல்லை என்றா, கேட்கவில்லை என்றா, கேட்டும் எழுதவில்லை என்றா? பல வருடங்களாக இந்த ஏடுகளோடு பழகியவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் நான் இன்னமும் தயங்குகிற இடங்களையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன பொருள் என்பதைப் பார்த்துவிடுவோம். 1851 முதல் 1901 வரை உள்ள பக்கங்கள் எதையும் அந்த வீட்டுக்காரர் எழுதவில்லை. வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். வீட்டுத் தலைவர் அதை நிரப்பினார், எழுதத் தெரியாவிட்டால் கணக்கெடுப்பாளரே கேட்டு நிரப்பினார். பிறகு அவர் எல்லாப் படிவங்களையும் ஒரு ஏட்டில் பிரதி எடுத்தார். மூலப் படிவங்கள் அழிக்கப்பட்டன, நமக்குக் கிடைப்பது அந்தப் பிரதி ஏடு. அதன்பிறகு லண்டனில் எண்ணிக்கை எடுத்த எழுத்தர்கள் அதே பக்கங்களின் மேல் பென்சிலால் கோடு கிழித்தும் டிக் போட்டும் வைத்தார்கள். ஆக, ஒரே வரியில் மூன்று பேரின் கை இருக்கிறது. வயது 3 என்பது பென்சில் கோடு பட்டு 8 மாதிரித் தெரிவதும், ‘சுரங்கம்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருந்த சிறு சொல் மறைந்துபோவதும் இதனால்தான். 1911இல் நிலைமை மாறியது. அந்த வருடத்து வீட்டுப் படிவங்கள் அப்படியே பாதுகாக்கப்பட்டுள்ளன, வீட்டுக்காரரின் கையெழுத்தையே பார்க்கலாம். உங்களிடம் உள்ள அறுபது வருடப் பக்கங்களில் 1911ஐ மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது வேறு வகைச் சான்று.

இந்த ஏடுகள் மிக நன்றாகச் சொல்வது இரண்டு விஷயம். ஒரு குறிப்பிட்ட இரவில் ஒரு கூரையின் கீழ் யார் யார் இருந்தார்கள், அவர்கள் எங்கே பிறந்தார்கள். சுரங்க ஊர்களில் இரவு வேலை உண்டே, அவர்கள் விடுபட்டிருப்பார்களே என்று தோன்றலாம். இரவு வேலைக்குப் போய்க் காலையில் வீடு திரும்புகிறவர்களை வீட்டுக் கணக்கிலேயே சேர்க்கச் சொல்லிப் படிவத்திலேயே குறிப்பு இருந்தது, அதனால் அந்தக் கவலை பெரும்பாலும் வேண்டாம். பிறந்த ஊர்ப் பத்தியைத்தான் புதிதாக வருகிறவர்கள் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் குறிப்பேட்டில் 1861ஆம் வருடத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. தகப்பன் பிறந்தது ஹெட்டனில். பதினேழு வயது மூத்த மகன் பிறந்தது தார்ன்லியில். பதினான்கு வயது மகள் ஹாஸ்வெல்லில். பத்து வயது மகன் சீஹாமில். மூன்று வயதுக் குழந்தை கணக்கெடுத்த அதே ஊரில். பிள்ளைகளை வயது வரிசையில் நிறுத்தினால் அந்தக் குடும்பம் சுரங்கம் சுரங்கமாக நடந்து வந்த பாதை தெரிகிறது. வேறெந்த ஆவணமும் ஒரு சாதாரணத் தொழிலாளிக் குடும்பத்தின் பயணத்தை இவ்வளவு எளிதாகத் தருவதில்லை. ஊரில் உள்ள எல்லா வீடுகளுக்கும் இதைச் செய்து பாருங்கள். எந்த ஊரிலிருந்து கூட்டமாக வந்தார்கள், ஒரே தெருவில் ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து குடியிருந்தார்களா என்பதெல்லாம் மேலே வந்துவிடும்.

சரி, காணாமல் போன பாதிப் பெயர்கள்? அவர்கள் செத்துப்போனார்கள் என்றோ ஏடு தவறு என்றோ நினைக்க வேண்டாம். வடகிழக்கு இங்கிலாந்தில் ‘பாண்ட்’ என்ற ஆண்டு ஒப்பந்த முறை இருந்தது. தொழிலாளி வருடத்துக்கு ஒருமுறை ஒரு சுரங்கத்துக்குத் தன்னை எழுதிக்கொடுப்பார், கூலியும் நிபந்தனையும் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வசந்தத்தில் வேறு சுரங்கத்துக்குப் போவார். டர்ஹாமில் இந்த முறை 1872இல்தான் முடிவுக்கு வந்தது. கூடவே, கல்யாணமான கரி வெட்டும் தொழிலாளிக்கு நிறுவனமே வாடகையில்லாமல் வீடும் எரிக்கக் கரியும் கொடுத்தது. வீடு வேலையோடு ஒட்டியது, வேலை மாறினால் வீடும் மாறும். சொந்த வீடோ நிலமோ பிடித்து வைக்காததால் தட்டுமுட்டுச் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பத்து மைல் தள்ளிப் போவது அவர்களுக்கு வழக்கமான காரியம். இன்னொன்றும் பாருங்கள். கணக்கெடுப்பு நடந்தது 1851இல் மார்ச் 30, 1861இல் ஏப்ரல் 7, 1871இல் ஏப்ரல் 2. ஒப்பந்தம் புதுப்பித்து வீடு மாறும் பருவமும் ஏறக்குறைய அதுவே. அந்த இரவில் சில குடும்பங்கள் மாறிப் போவதற்கு முன்னாலும், சில மாறி வந்த பின்னாலும் பிடிபட்டிருக்கலாம் என்பது என் ஊகம். ஊருக்கு ஊர் இதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே பெயர் மறைவதே உங்களுக்கு ஒரு கண்டுபிடிப்பு. போனவர்களைப் பக்கத்துச் சுரங்க ஊர்களில் தேடுங்கள். ஒரே ஊரை மட்டும் படித்தால், நின்றவர்களின் கதைதான் கிடைக்கும். நின்றவர்கள் யார் என்று பார்த்தால் மேற்பார்வையாளர், கடைக்காரர், எஞ்சின் ஓட்டுபவர், ஊரிலேயே கல்யாணம் செய்துகொண்டவர் என்று ஒரு சாய்வு இருக்கும். அதை மொத்தச் சமூகத்தின் முகமாகக் காட்டிவிடக் கூடாது. பெயரை வைத்துத் தேடும்போது பெயர் மட்டும் போதாது. பெயர், வயது, பிறந்த ஊர், மனைவி பெயர், குறைந்தது ஒரு பிள்ளையின் பெயர் என இவ்வளவும் ஒத்துவந்தால்தான் ‘அதே குடும்பம்’ என்று எழுதுகிறேன். மூன்று மட்டும் ஒத்துவந்தால் ‘இருக்கலாம்’ என்று தனி நிறத்தில் குறித்துவைக்கிறேன். தெற்கு வேல்ஸில் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ் என்ற நான்கைந்து பெயர்களே தெருவெல்லாம் இருப்பதால் இந்த வேலை இன்னும் கடினம். அங்கே நான் இணைத்ததில் தவறுகள் இருக்கும் என்று தெரிந்தே இணைத்திருக்கிறேன்.

நீங்கள் பின்னோக்கி 1841 வரைக்கும் போக நினைத்தால் ஒரு எச்சரிக்கை. எல்லோர் பெயரையும் நாடு முழுவதும் எழுதிய முதல் சென்சஸ் அதுதான். ஆனால் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 29 வயதுக்காரர் 25 ஆகிவிடுவார். சிலர் அந்த விதியைப் பின்பற்றாமல் சரியான வயதையே எழுதினார்கள். உறவுமுறைப் பத்தி கிடையாது. பிறந்த ஊர் கிடையாது, இதே மாவட்டமா இல்லையா, இல்லையென்றால் ஸ்காட்லாந்தா, அயர்லாந்தா, வெளிநாடா என்பது மட்டும்தான். அதனால் 1841ஐ ஒரு தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், 1851க்குச் சமமாக வைத்து ஒப்பிடக் கூடாது.

தொழில் பத்திக்கு வருவோம். ‘நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி’ என்று எல்லோருக்கும் ஒரே பெயர் இருந்தால் எல்லோரும் ஒரே வேலை செய்தார்கள் என்று பொருளில்லை. சுரங்கத்துக்குள் ஒரு ஆண்பிள்ளையின் வாழ்க்கை படிப்படியாக ஏறி இறங்கும். சின்னப் பையனாக இருட்டில் உட்கார்ந்து காற்றுக் கதவைத் திறந்து மூடும் ‘டிராப்பர்’. பிறகு குதிரையை ஓட்டும் பையன். பிறகு கரி நிரம்பிய தொட்டி வண்டிகளைத் தள்ளும் ‘புட்டர்’. இருபது வயது தாண்டியதும் கரி முகப்பில் வெட்டும் ‘ஹியூவர்’, கூலியும் மரியாதையும் கூடிய வேலை. உடம்பு தளர்ந்ததும் பாதை சரிசெய்வது, கல் அகற்றுவது, கடைசியில் மேலே கரியிலிருந்து கல் பொறுக்குவது. கணக்கெடுப்பாளர் ஊர்க்காரராக இருந்து, அக்கறையும் இருந்தால் இந்தச் சொற்களை அப்படியே எழுதியிருப்பார். அவசரக்காரர் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கியிருப்பார். ஒரே ஊரின் இரண்டு பகுதிகளை இரண்டு பேர் எடுத்திருந்தால், ஒரு பகுதியில் ஹியூவரும் புட்டரும் நிறைந்திருக்கும், மறு பகுதியில் வெறும் ‘தொழிலாளி’ என்று இருக்கும். வித்தியாசம் தெருவில் இருக்காது, எழுதியவரிடம் இருக்கும். எனவே எண்ணத் தொடங்குமுன் எந்தக் கணக்கெடுப்பாளர் எந்தப் பக்கம் என்று பிரித்துவிடுங்கள். 1911இல் நிலத்தடியா மேலேயா, முகப்பா வேறா என்ற பிரிவு ஓரளவு ஒழுங்காக வருகிறது.

சொற்களும் ஊருக்கு ஊர் மாறும். தெற்கு வேல்ஸில் ‘ஹாலியர்’ என்றால் பெரும்பாலும் நிலத்தடியில் குதிரை ஓட்டுபவர், வேறிடங்களில் அதே சொல் சாலையில் வண்டி ஓட்டுபவரைக் குறிக்கலாம். ‘கோலியர்’ என்ற சொல் ஒரு ஊரில் சுரங்கத் தொழிலாளர் எல்லோரையும், இன்னொரு ஊரில் கரி வெட்டுபவரை மட்டும் குறிக்கும். துறைமுகப் பக்கம் அதே சொல் கரி ஏற்றும் கப்பலுக்கும் பெயர். அப்புறம், ‘தொழிலாளி’, ‘கொல்லர்’, ‘எஞ்சின் ஓட்டுபவர்’ என்று மட்டும் எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் சுரங்க நிறுவனத்தின் ஆட்கள் என்பதை ஏடு சொல்லாது. சுரங்கத்தின் கூலிப் பதிவேடு கிடைக்காத ஊரில் இது தீராத சந்தேகம்.

சிறுவர்கள் விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1842ஆம் வருடச் சட்டம் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது. 1860இல் வந்த சட்டப்படி பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பையன்களை இறக்க வேண்டுமானால் படிக்க எழுதத் தெரியும் என்ற சான்றோ பள்ளிக்குப் போகிற ஏற்பாடோ வேண்டும். அரசாங்கப் படிவத்தில் ஒன்பது வயது மகனைச் சுரங்கத்தில் வேலை செய்வதாக எந்தத் தகப்பன் எழுதுவான்? ‘மாணவன்’ என்று எழுதுவான். அப்படி எழுதப்பட்டவர்கள் எல்லோரும் பொய் என்று சொல்லவில்லை, பலர் உண்மையிலேயே பள்ளிக்குப் போனார்கள். ‘மாணவன்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பள்ளி வருகை சதவீதம் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். பள்ளியின் வருகைப் பதிவு கிடைத்தால் அதுதான் சான்று.

இப்போது உங்களைத் தொந்தரவு செய்யும் அந்த வெற்றிடம். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் சுரங்க ஊர்களைப் பற்றிய ஆய்வுகளில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். 1841இலேயே மனைவி, பெற்றோருக்கு உதவியாக வேலை செய்யும் மகன், மகள் ஆகியோரின் தொழிலை எழுதத் தேவையில்லை என்று அறிவுறுத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் மாறினாலும், கூலி வாங்காத வேலை வேலையே அல்ல என்ற எண்ணம் படிவங்களில் ஊறிப்போய்விட்டது. வடகிழக்கு இங்கிலாந்தில் பெண்கள் நிலத்தடியில் இறங்குவது பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆகவே உங்கள் ஊரில் பெண்கள் சுரங்கத்துக்குள் இல்லை என்பது சரி. (லங்காஷயரின் விகன் பக்கம் போனால் நிலைமை வேறு. அங்கே சுரங்க வாயிலில் கரி சலிக்கும் பெண்கள் ஏட்டில் தெளிவாகவே வருகிறார்கள்.) ஆனால் ‘சுரங்கத்தில் இல்லை’ என்பதிலிருந்து ‘வேலையில் இல்லை’ என்பதற்குத் தாவக் கூடாது.

1911 படிவம் ஒன்றைக் கிட்டே வைத்துப் பாருங்கள். நான் பல தடவை எடுத்துப் பார்க்கிற ஒன்று இது. தகப்பன் கரி வெட்டுபவர். மூத்த மகனும் அதே வேலை. அடுத்த இருவர் வண்டி தள்ளுகிறார்கள். பதினான்கு வயதுக் கடைசி மகன் குதிரை ஓட்டுகிறான். சாப்பாட்டோடு தங்கியிருக்கும் ஒரு வெளியூர்க்காரர், அவரும் சுரங்கம்தான். ஏழு பேருக்கு மூன்று அறை. மனைவியின் பெயருக்கு எதிரே, வீட்டுக்காரர் தன் கைப்பட ‘வீட்டு வேலை’ என்று எழுதியிருக்கிறார். அதன் மேல் வேறு மையில் ஒரு கோடு. எண்ணிக்கை எடுத்த எழுத்தர் அதை அடித்துவிட்டார். 1911 படிவங்களைப் புரட்டினால் இந்தக் கோட்டை அடிக்கடி பார்ப்பீர்கள். கணவன் சொல்லத்தான் செய்தான், அலுவலகம்தான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கோட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்பதைச் சென்சஸுக்கு வெளியே உள்ள செய்திகளைக் கொண்டு ஓரளவு கணக்கிடலாம். எட்டு மணி நேரச் சட்டம் 1908இல் நிறைவேறியது, டர்ஹாமில் 1910இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டிப் பல சுரங்கங்கள் வெட்டுபவர்களுக்கு மூன்று ஷிப்டு வைத்தன. ஒரே வீட்டில் ஐந்தாறு பேர் வெவ்வேறு நேரத்தில் போய் வருகிறார்கள். சுரங்க வாயிலில் குளியலறைகள் பரவலாக வந்தது 1926க்குப் பிறகுதான். அதாவது 1911இல் ஒவ்வொருவரும் கரி அப்பிய உடம்போடு வீட்டுக்கு வந்து, அடுப்பில் சுடவைத்த தண்ணீரில், அடுப்புக்கு முன்னால் ஒரு தகரத் தொட்டியில் குளிக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனிச் சாப்பாடு, தனி வெந்நீர், ஈர உடுப்பை உலர்த்துவது. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் கிளம்புவார். இந்த ஆறு ஆண்களும் மறுநாள் வேலைக்குப் போகத் தகுதியாக இருந்ததற்குக் காரணம் அந்த வெற்றிடத்தில் இருக்கும் பெண். அதனால் நான் மனைவியின் தொழில் பத்தியை எண்ணுவதில்லை. ஒரு வீட்டில் ஒரு வளர்ந்த பெண்ணுக்கு எத்தனை சுரங்க ஆண்கள் என்று எண்ணுகிறேன். உங்கள் ஊரில் எல்லா வீடுகளுக்கும் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதோடு பதினான்கு வயதுக்கு மேற்பட்ட மகள்கள் வீட்டில் இருக்கிறார்களா, வெளியூரில் வேலைக்காரியாகப் போயிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மகன்கள் நிறைய உள்ள வீட்டில் ஒரு மகளை நிறுத்திக்கொள்வது எனக்குக் கண்ணில் பட்டிருக்கிறது. அது எல்லா ஊருக்கும் பொருந்துமா என்பதை நான் சோதித்ததில்லை, நீங்கள் சோதிக்கலாம்.

1911இல் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. சுரங்க ஊர்களுக்கு இதைவிட முக்கியமான பத்தி இல்லை. அந்தக் கணக்கெடுப்பை ஒட்டி அரசாங்கம் வெளியிட்ட கணக்கில் சுரங்கத் தொழிலாளர்களை ஒரு தனி வகுப்பாகவே பிரித்தார்கள். அந்த வகுப்பில் ஆயிரம் குழந்தைகளுக்குச் சுமார் 160 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள், விவசாயக் கூலிகளின் வகுப்பில் அது 97 அளவில் இருந்தது. கூலியைப் பார்த்தால் சுரங்கத் தொழிலாளி மேலே இருந்தவர், ஆனாலும் அவர் குழந்தைகள் அதிகம் இறந்தன. நெருக்கமான வீடு, மோசமான கழிவு ஏற்பாடு, தாயின் ஓயாத வேலை என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட சென்சஸ் மட்டும் போதாது. ஒரு சின்னத் தகவல்: விதவைகள் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் பலர் எழுதினார்கள். எழுத்தர்கள் அடித்துவிட்டார்கள், அடியில் இருப்பதைப் படிக்க முடிகிறது. அடிக்கப்பட்டதையும் தனிப் பத்தியில் பதிவு செய்யுங்கள். கேட்காத கேள்விக்கு ஒரு தாய் இறந்த பிள்ளைகளையும் சேர்த்து எண்ணிச் சொல்லியிருக்கிறாள், அது வீணாகப் போகக் கூடாது.

இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் நடப்பதை ஏடு காட்டாது என்பது எல்லா ஊருக்கும் உள்ள குறைதான், ஆனால் சுரங்க ஊரில் அது பெரிய குறை. நார்தம்பர்லாந்தில் நியூ ஹார்ட்லி சுரங்கத்தில் 1862 ஜனவரி 16 அன்று, தண்ணீர் இறைக்கும் எஞ்சினின் பெரிய இரும்பு உத்திரம் முறிந்து சுரங்க வாயிலுக்குள் விழுந்தது. இறங்கவும் ஏறவும் அந்த ஒரு வழிதான். ஷிப்டு மாறும் நேரம் என்பதால் இரண்டு ஷிப்டு ஆட்களும் உள்ளே இருந்தார்கள். ஆண்களும் சிறுவர்களுமாக 204 பேர் இறந்தார்கள். அதே வருடம், சுரங்கத்துக்கு இரண்டு வாயில் வேண்டும் என்று சட்டம் வந்தது. இதற்கு ஒன்பது மாதம் முன்னால்தான், 1861 ஏப்ரல் 7 இரவுக்கான கணக்குக்காக, கணக்கெடுப்பாளர் அந்த வீடுகளின் கதவைத் தட்டியிருந்தார். ஆகவே 1861 ஏட்டில் அந்த ஊர் முழுசாக இருக்கிறது. தகப்பன், மகன்கள், தங்கியிருந்தவர்கள் என்று ஒரு வீட்டிலிருந்து மூன்று நான்கு பேர் சேர்ந்து வேலைக்குப் போனதைக் காட்டும் பக்கங்கள் அவை. இறந்தவர்களின் பட்டியலை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அந்த ஏட்டை நான் முதல் தடவை படித்த நாளை மறக்கவில்லை. ஒரே வீட்டில் அடுத்தடுத்த வரிகளுக்கு அருகே குறி போட்டுக்கொண்டே வர வேண்டியிருந்தது. 1871க்குப் போனால் அவர்கள் இல்லை. விதவைகளில் சிலர் மறுமணம் செய்து வேறு பெயரில் இருக்கிறார்கள், சிலர் ஆட்களைத் தங்கவைத்துப் பிழைக்கிறார்கள், சிலரை என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

உங்கள் ஊரில் பெரிய விபத்து நடக்காமல் இருந்திருக்கலாம். ஒருவர் இருவராக இறப்பதுதான் சுரங்கங்களில் வாடிக்கை, மேற்கூரை சரிந்து விழுவதே அதற்கு முக்கியக் காரணம். 1850க்குப் பிறகு அரசாங்கச் சுரங்க ஆய்வாளர்கள் தங்கள் ஆண்டறிக்கையில் இத்தகைய மரணங்களைப் பட்டியலிட்டார்கள். டர்ஹாம் சுரங்க அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அந்த மாவட்டத்துச் சுரங்கங்களில் இறந்தவர்களின் பெயர்கள் ஊர்வாரியாகக் கிடைக்கின்றன. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலையில் தொடங்கிவிட்டது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் பத்து வருட இடைவெளி நிரம்பும். வயதானவர்கள் ஏன் குறைவு என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். வேலை போனால் வீடும் போகும் என்பதால், மகன் யாரும் அந்தச் சுரங்கத்தில் இல்லாத முதியவர் ஊரை விட்டே போக வேண்டியிருந்தது. டர்ஹாமில் வயதான சுரங்கத் தொழிலாளர்களுக்கு வீடு கட்ட 1898இல் தொழிலாளர்களே ஒரு சங்கம் அமைத்ததன் பின்னணி இதுதான். ஆகவே கிழவர்கள் இல்லை என்பதை வைத்து எல்லோரும் இளமையிலேயே இறந்தார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்து நகரங்களிலும் ஏழைகள் விடுதியின் பக்கங்களிலும் தேடுங்கள்.

எண்ணிக்கைகளை ஒப்பிடும்போது எல்லைகளைக் கவனியுங்கள். தெற்கு வேல்ஸின் சுரங்கப் பகுதியான ரோண்டா பள்ளத்தாக்கில் 1851இல் 951 பேர், 1911இல் 1,52,781 பேர் என்று அடிக்கடி எழுதுவார்கள். இரண்டும் சரியான எண்கள்தான். ஆனால் முதலாவது ஒரு திருச்சபைப் பங்கின் எண்ணிக்கை, இரண்டாவது பின்னால் உருவான நகர்ப்புற மாவட்டத்தின் எண்ணிக்கை. வளர்ச்சி பிரமாண்டமானது என்பதில் சந்தேகமில்லை. எத்தனை மடங்கு என்று எழுதும்போதுதான் கவனம் தேவை. அதேபோல அயர்லாந்துக்காரர்களை எண்ணும்போது, சென்சஸில் மதம் கேட்கவில்லை என்பதை மறக்காதீர்கள். 1844இல் சுரங்கத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தின்போது, டர்ஹாமில் சுரங்கங்கள் வைத்திருந்த லண்டன்டெரி பிரபு தன் அயர்லாந்து எஸ்டேட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். அவர்கள் ‘பிறந்த ஊர் அயர்லாந்து’ என்று ஏட்டில் தெரிவார்கள். இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகள் 1871இல் வெறும் டர்ஹாம்காரர்கள். சமூகம் கலந்துவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, நம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்லலாம்.

1911க்கு அப்பால் போவீர்களா என்று தெரியவில்லை, போனால் 1921 உங்களுக்கு முக்கியம். அந்தக் கணக்கெடுப்பு ஏப்ரல் 24இல் நடக்க வேண்டியது. ஏப்ரல் தொடக்கத்தில் சுரங்க முதலாளிகள் கூலிக் குறைப்பை ஏற்காத தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்தார்கள், நாடு தழுவிய வேலைநிறுத்த அச்சத்தால் கணக்கெடுப்பு ஜூன் 19க்குத் தள்ளிப்போனது. அன்றைக்கும் கதவடைப்பு முடிந்திருக்கவில்லை. சுமார் பத்து லட்சம் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாத நிலையில் எழுதப்பட்ட படிவங்கள் அவை. முதலாளியின் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் முதல் முறையாகக் கேட்டதால், எந்த வீடு எந்தச் சுரங்கத்தைச் சேர்ந்தது என்று நேரடியாகத் தெரியும். ‘வேலையில்லை’ என்று எழுதியிருப்பதை மட்டும் அந்த வருடச் சூழலோடு படிக்க வேண்டும். நூறு வருட ரகசியக் காலம் முடிந்து 2022 ஜனவரியில் இங்கிலாந்து, வேல்ஸ் படிவங்கள் திறக்கப்பட்டன. அதற்குப் பிறகு பாதை நின்றுவிடுகிறது. அந்த இரு நாடுகளின் 1931 படிவங்கள் 1942இல் தீயில் எரிந்துபோயின, போரினால் 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1939 செப்டம்பரில் எடுத்த தேசியப் பதிவேடு ஓரளவு கைகொடுக்கும்.

வேலை செய்யும் முறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கெவின் ஷூரர், எட்வர்ட் ஹிக்ஸ் ஆகியோர் முன்னின்று உருவாக்கிய ஐ-செம் என்ற தரவுத் தொகுப்பில் 1851 முதல் 1911 வரை கோடிக்கணக்கான வரிகள் தொழில் குறியீட்டோடு கிடைக்கின்றன. முதலில் வெளிவந்த வடிவில் இங்கிலாந்து, வேல்ஸுக்கு 1871 இல்லை. பெயர்களுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஒரு மாவட்டம் முழுவதையும் ஒப்பிட அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் ஊருக்கு மட்டும் ஏட்டின் படங்களையே ஒரு வரி விடாமல் நீங்களே படித்துப் பதிவு செய்யுங்கள். பெயர் தேடும் இணையதளங்களின் குறியீட்டில் ஊர்ப் பெயர்களையும் சுரங்கச் சொற்களையும் தெரியாதவர்கள் படித்து எழுதிய தவறுகள் ஏராளம். அட்டவணையில் ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு பத்தி வையுங்கள். ஒன்றில் ஏட்டில் உள்ளபடியே, எழுத்துப்பிழையோடு. மற்றதில் நீங்கள் புரிந்துகொண்டது. ஆரம்ப காலத்தில் நான் இரண்டாவது பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். ஹியூவர், புட்டர் எல்லாவற்றையும் ‘சுரங்கம்’ என்று மாற்றிவிட்டதால், பிறகு வயதுவாரியாக வேலைப் படிகளைப் பார்க்க வேண்டி வந்தபோது ஆயிரக்கணக்கான வரிகளை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று.

என் அனுபவம் பெரும்பாலும் டர்ஹாம், நார்தம்பர்லாந்து ஏடுகளோடுதான். தெற்கு வேல்ஸில் கொஞ்சம். ஸ்காட்லாந்துச் சுரங்க ஊர்களை நான் படித்தது குறைவு, அங்கே கேள்விகளும் வேறு, பதிவு முறையும் வேறு. எனவே மேலே சொன்னதை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம். உங்கள் ஊருக்கு, ஒரே ஒரு தெருவை எடுத்துத் தொடங்குங்கள். 1871இல் அந்தத் தெருவில் இருந்த ஒவ்வொரு குடும்பத்தையும், அவர்கள் எந்த ஊருக்குப் போயிருந்தாலும், 1881இல் தேடிப் பிடியுங்கள். இருபது வீடு என்றால் இரண்டு வாரம் ஆகும். அது முடிந்ததும் அந்த அட்டவணையோடு மறுபடி எழுதுங்கள், கிடைக்காமல் போன குடும்பங்களை எங்கே தேடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.